மேல்வீட்டுச் சொட்டு

வெள்ளைத் துணியை வீட்டுக்குள் உலர்த்துவதை நான் என்றுமே ஒப்புக்கொண்டதில்லை. எர்சுருமில் குளிர்காலத்தில் கொடியில் போட்ட விரிப்பு, கிளிப்பை மாட்டிவிட்டுக் கையை எடுப்பதற்குள் விறைத்துவிடும். மாலையில் அதை மடிக்க முடியாது. பலகையைத் தூக்குவதுபோல் இரு கைகளாலும் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். துருக்கியின் மேற்கிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீங்களும் அப்படி வந்தவர் என்று பேச்சிலேயே தெரிகிறது, அரசு வழக்கறிஞர் ஐயா, அதில் குற்றமில்லை. ஆனால் உறைபனி துணியிலுள்ள மஞ்சளை எடுத்துவிடும். எந்தச் சோப்பும் அதைச் செய்யாது.

தேநீருக்கு நன்றி. சர்க்கரையைப் போட்டுக் கலக்கிவிட்டார்கள், பரவாயில்லை. இவ்வூரில் கட்டிச் சர்க்கரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கசந்த தேநீரை அதன்மேல் விடுவதே முறை. கலக்கிய பிறகு எது தேநீர், எது சர்க்கரை என்று பிரிக்க இயலாது. எனக்கு எதுவும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும்.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மேல்வீட்டில் குடியிருந்த நெர்கிஸ் என்ற பெண் வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் புகையால் மூச்சடைத்து இறந்துபோனாள். அந்தப் பாய்லரைப் பொருத்திய தாஹிர் மேஸ்திரியை நீங்கள் காவலில் வைத்திருக்கிறீர்கள். புகைக்குழாயைப் பால்கனிக் கண்ணாடிக்கு வெளியே நீட்டித் தருவதாக ஒப்புக்கொண்டவர், கடைசிவரை வரவேயில்லை என்பது அவர்மீதுள்ள குற்றச்சாட்டு. வந்தேன் என்று அவர் சொல்கிறார், நம்புவதற்கு ஆளில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, அவர் வரவில்லை என்று போலீசாரிடம் சொல்லியிருக்கும்போது, குழாய் மாட்டுகிறவரின் பேச்சு எப்படி எடுபடும்? அந்த ஆசிரியை நான். அன்று நான் சொன்னதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அதை வரிசையாகச் சொல்ல அனுமதியுங்கள். முடிவை முதலில் சொன்னால் காரணங்கள் சாக்குப்போக்குகளாகத் தோன்றும்.

எங்கள் கட்டடத்தின் நிர்வாகி நான். குடியிருப்போர் ஒவ்வோர் ஆண்டும் கூடி என்னையே தேர்ந்தெடுக்கிறார்கள். வேறு ஒருவரும் முன்வருவதில்லை என்பதும் உண்மைதான். பொறுப்பேற்ற நாளிலிருந்து சில ஒழுங்குகளைக் கொண்டுவந்தேன். வாசலில் கழற்றும் செருப்புகளும் பூட்சுகளும் சுவரை ஒட்டி நிற்க வேண்டும். பால்கனியிலிருந்து கம்பளத்தை உதறக் கூடாது. எவரும் தம் விருப்பத்துக்குப் பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைக்கக் கூடாது. பக்கத்துக் கட்டடத்தைப் பாருங்கள்: ஒருவர் பச்சைக் கண்ணாடி, ஒருவர் பிளாஸ்டிக், ஒருவர் பாதி அடைத்து விட்டுவிட்டார். பல் விழுந்த வாய்போல் இருக்கிறது. எங்கள் கட்டடம் அப்படியில்லை. அதாவது, அப்படி இருக்கவில்லை.

நெர்கிஸ் மேல்வீட்டுக்கு வந்தது கோடையின் முடிவில். கணவன் வெய்சல் லாரி ஓட்டுகிறவன். எல்லை தாண்டிப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். அவள் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடுகளுக்குக் கதாயிஃப் என்ற இனிப்பைச் செய்து கொடுத்தாள். அக்ரூட் பருப்பை உள்ளே வைத்து மாவு இழைகளைச் சுருட்டுவதில் அவள் கை நேர்த்தியானது. ஒன்றுக்கொன்று அளவு மாறாது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். வந்த முதல் வாரமே ஒரு தட்டு கொண்டுவந்து தந்தாள். நான் அந்தத் தட்டில் உலர்ந்த ஏப்ரிகாட் பழங்களை வைத்துத் திருப்பித் தந்தேன். வெறும் தட்டைத் திருப்பித் தரும் வழக்கம் எங்களிடம் இல்லை.

அவள் என்னைப் ‘பெரியம்மா’ என்று அழைத்தாள். மற்ற எல்லாரும் ‘டீச்சரம்மா’ என்பார்கள். திருத்தினேன். அவள் சிரித்துவிட்டு மறுபடியும் பெரியம்மா என்றாள்.

அவளுடைய பாய்லர் சமையலறைச் சுவரில் இருந்தது. அதன் புகைக்குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு பின்பால்கனிக்கு வந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர்கீழே என் துணிக்கொடி. முதல் பனி விழுந்த வாரத்தில் என் விரிப்பில் துரு நிறத்தில் வட்டமான கறைகளைக் கண்டேன். அண்ணாந்து பார்த்தேன். குழாயின் வாயிலிருந்து ஒரு சொட்டு உருண்டு, தயங்கி, விழுந்தது.

விரிப்பை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

“ஐயோ பெரியம்மா, என்ன இது, தேத்தண்ணியைக் கொட்டிட்டீங்களா?” என்றாள்.

“உன் வீட்டுக் குழாய் கொட்டினது.”

“எங்க குழாயா? அதுல புகைதானே வரும், தண்ணி எப்படி வரும்?”

இந்தக் கேள்வியைக் கண்களை அகல விரித்துக்கொண்டு கேட்டாள். உண்மையிலேயே தெரியாதவர்கள் அவ்வளவு அகலமாக விரிக்கமாட்டார்கள். பள்ளியில் எத்தனையோ கண்களைப் பார்த்தவள் நான்.

தாஹிர் மேஸ்திரியை அழைத்தேன். பெரிய உடம்பு, பெரிய மீசை, எதற்கும் சிரிப்பு. பாய்லரின் மூடியைக் கழற்றி, உள்ளே விளக்கடித்து, தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“இது வேர்வை டீச்சரம்மா. நீங்க மாடிப்படி ஏறினா உங்களுக்கு வேர்க்கலையா? இதுவும் நாள் பூரா எரியுது, வேர்க்குது.”

“எனக்கு வேர்த்தா என் துணியிலதான் படும். இதுக்கு வேர்த்தா மட்டும் ஏன் என் துணியில படுது?”

மேஸ்திரி உரக்கச் சிரித்தார். நெர்கிஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்தது மேஸ்திரியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று நான் நெடுநாள் யோசித்தேன்.

ஊகங்களை நான் மதிப்பதில்லை. ஆகவே நானே ஆராய்ந்தேன். முதலில், பாய்லரின் அழுத்தம் காட்டும் முள்ளைக் கவனித்துச் சொல்லும்படி நெர்கிஸிடம் கூறினேன். ரேடியேட்டர்களில் சுற்றும் தண்ணீர் எங்கேனும் கசிந்தால் முள் இறங்கும். “அசையவே இல்ல பெரியம்மா, ஆணி அடிச்ச மாதிரி நிக்குது” என்றாள். அவள் வார்த்தையை மட்டும் நம்ப விருப்பமில்லாமல், தேநீர்க் குவளை ஒன்றைக் கொடிக்கம்பியில் கட்டிச் சொட்டைப் பிடித்தேன். ரேடியேட்டர்த் தண்ணீர் கறுத்து, எண்ணெய் வாடை வீசும்; இதுவோ தெளிவாக இருந்தது. குழாயின் வாயிலுள்ள இரும்பு வளையத்தின் துரு மட்டும் அடியில் படிந்திருந்தது. கறைக்குக் காரணம் அதுதான். பிறகு என் சமையல் மேடையின் பளிங்கில் ஒரு சொட்டு விட்டேன். துடைத்தபோது அவ்விடம் மங்கியிருந்தது, எலுமிச்சை பட்ட இடம்போல. புளித்த தண்ணீர். அப்படியானால் இது கசிவே அன்று. புகையிலுள்ள நீராவி குளிரில் தண்ணீராகிக் குழாய் வழியே வெளியேறுகிறது.

பாய்லரோடு வந்த கையேட்டை வாங்கிப் படித்தேன். பழைய வகைப் பாய்லர்களுக்குப் புகைக்குழாயின் வாட்டத்தை வெளிப்பக்கம் தாழ்வாகக் கொடுப்பார்கள். மழை உள்ளே இறங்காது. புதிய வகைக்கு வாட்டம் உள்பக்கம் இருக்க வேண்டும். அப்போது அந்தப் புளித்த தண்ணீர் பாய்லருக்கே திரும்பி, அடியிலுள்ள மெல்லிய குழாய் வழியே சாக்கடைக்குப் போய்விடும். தாஹிர் மேஸ்திரி புதிய பாய்லருக்குப் பழைய வாட்டம் வைத்திருந்தார். அடுத்த முறை அவர் வந்தபோது சொன்னேன்.

“அட, ஆமா டீச்சரம்மா. கை பழகின பழக்கத்துல வெளிய சாய்ச்சிருச்சு. இப்ப எனக்கு எத்தனை மார்க்கு?”

“திருத்தி எழுதினப்புறம் சொல்றேன்.”

“குளிர் கொஞ்சம் விடட்டும், வந்து திருப்பிப் போட்டுடறேன். ஊர்ல பாதிப் பாய்லர் உறைஞ்சு கெடக்கு, என்னைப் பிச்சுத் தின்னுறாங்க.” வாசலில் பூட்சை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சொட்டுச்சுன்னா சந்தோசப்படுங்க. புகை ஒழுங்கா வெளிய போகுதுன்னு அர்த்தம். அடுப்பு எரிஞ்சு சொட்டு நின்னுபோச்சுன்னாத்தான் பயப்படணும்.”

இதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்வது எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் அது பொய்.

நான் துவைப்பது திங்கட்கிழமைகளில். கறையைக் காட்டிய பிறகு வந்த திங்கட்கிழமை, கொடிக்குக் கீழே ஒரு துணியை விரித்துவைத்துக் காவலிருந்தேன். விரிப்புகளைத் தொங்கவிட்டதும் சொட்டு நின்றுபோயிற்று. பகல் முழுவதும் ஒரு துளியும் இல்லை. மாலையில் விரிப்புகளை உள்ளே கொண்டுவந்து பால்கனிக் கதவைச் சாத்தினேன்; சற்று நேரத்தில் மேலே பாய்லர் ‘தப்’ என்று பற்றும் ஓசை கேட்டது. பிறகு சொட்டு. அடுத்த திங்கட்கிழமையும் அப்படியே. அதற்கடுத்ததும்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? இயற்கையாக விழும் சொட்டு நாள் பார்த்து நிற்காது. அவள் ஜன்னலருகே நின்று என்னைக் கவனிக்கிறாள். நான் கொடிக்கு வரும்போது நிறுத்துகிறாள், போனதும் விடுகிறாள். ‘இது என் கையில் இருக்கிறது, கிழவி’ என்று சொல்லாமல் சொல்கிறாள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால், “இப்ப துணி சுத்தமா இருக்கா பெரியம்மா?” என்று தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள். அந்தக் கேள்வியில் இருந்த ஏளனத்தை வேறு எவரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, என் தாயார் லேஸ் பின்னிக் கொடுத்த தலையணை உறையை வெளுத்துப் போட்டேன். அது என் சீதனத்துக்காகப் பின்னியது. அந்தப் பயன் அதற்கு வாய்க்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துத் துவைத்து, மடித்து வைத்துவிடுவேன். அன்றும் பாய்லர் ஓய்ந்திருந்தது. வானம் தெளிந்து நல்ல வெயில் அடித்தது. நண்பகலில் பார்க்கிறேன், லேஸின் நட்டநடுவே துரு வட்டம்.

அடுப்பு எரியாதபோது சொட்டு எப்படி வரும்? அவள் கையால் ஊற்றியிருக்கிறாள். அப்படித்தான் முடிவு செய்தேன். குழாயின் வாயில் முதல் நாள் தண்ணீர் பனிக்குச்சியாக உறைந்து தொங்கிக்கொண்டிருந்ததும், வெயில் பட்டு அது உருகக்கூடும் என்பதும், குவளையும் பளிங்கும் வைத்து ஆராய்ந்த எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். இதையும் என் பிழைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்; சிறிய பிழைதான்.

மறுநாள் அவளை அழைத்து, பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்துக்கொள்ள அனுமதி தந்தேன். வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கதாயிஃப் சுருட்ட வெளிச்சமான இடம் வேண்டுமாம். நான் மறுத்தே வந்தேன். குழாயின் வாய் கண்ணாடிக்குள் அடங்கினால் சொட்டு அவள் வீட்டிலேயே விழும் என்பது மட்டுமே அப்போது என் எண்ணம். அதை நீங்கள் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். “உங்க மனசு பஞ்சு பெரியம்மா. நான் அவர்கிட்ட சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். அவர்தான் நம்பமாட்டேங்கறார்.” ஆக, கணவனும் மனைவியும் என்னைப்பற்றித் தொலைபேசியில் பேசிச் சிரிக்கிறார்கள் என்பது உறுதியாயிற்று.

கண்ணாடிக்காரர் வேலையை நன்றாகவே செய்தார். சட்டங்கள் நகர்வதற்காகக் குழாயைக் கழற்றிப் பால்கனிக்குள் சுருக்கிவைத்தார். ஒரு சட்டத்தில் மட்டும் கண்ணாடிக்குப் பதில் தகடு போட்டிருந்தார். கிளம்பும்போது என் முன்னிலையிலேயே நெர்கிஸிடம் சொன்னார்:

“தங்கச்சி, நல்லா கேட்டுக்க. தாஹிர் மேஸ்திரி வரேன்னு ஒத்துக்கிட்டிருக்கார்; அவர் வந்து இந்தத் தகட்டுல ஓட்டை போட்டுக் குழாயை வெளிய எடுக்கிற வரைக்கும் பாய்லரைத் தொடாத. உள்ள எரிஞ்சா புகை உள்ளயே சுத்தும். வீட்டுக்குள்ள படுத்து எந்திரிக்கமாட்ட.”

“தொடமாட்டேன் அண்ணே. எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு, இன்னும் அவர் வாங்கித் தரேன்னு சொன்ன வளையலே வரலை.”

அவர் சொன்னது எனக்குப் புதியதன்று. அடைத்த பால்கனிக்குள் புகைக்குழாயின் வாய் இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் நுழைவாயிலில் அறிவிப்பு ஒட்டுகிறவள் நான். அந்த வாக்கியம் என்னுடையது.

இனி, திருத்தம் தேவைப்படும் இடத்துக்கு வருகிறேன். தாஹிர் மேஸ்திரி வந்தார். மறுநாள் பகலில், தோளில் புதிய குழாயோடும் மீசையில் பனியோடும் வந்து என் மணியை அடித்தார். நெர்கிஸ் கதாயிஃப் கொடுக்கக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள்.

“மேல ஆளில்லையா டீச்சரம்மா? மணி அடிச்சு அடிச்சு என் விரலே தேஞ்சுபோச்சு.”

“கண்ணாடிக்காரரே ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து குழாயை வெளியே எடுத்துட்டார். இனி நீங்க வேண்டாம்.”

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. “நீங்க பாத்தீங்களா? தகட்டுக்கு வெளிய நல்லா நீட்டிக்கிட்டு நிக்குதா?”

“நிக்குது. வாட்டம்கூட உள்பக்கம்தான் வெச்சிருக்காங்க.”

வாட்டத்தைப் பற்றி நான் சொல்லியிருக்காவிட்டால், கட்டடத்தின் பின்புறம் போய் ஒரு முறை அண்ணாந்து பார்த்திருப்பார். அங்கே முழங்காலளவு பனி கிடந்தது; ஆனாலும் போயிருப்பார். வாட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் தோள் இறங்கியது.

“அப்ப சரி. நீங்க பாத்துட்டா பரிட்சைத்தாள் திருத்தின மாதிரி. எனக்கும் ஒரு வேலை மிச்சம்.”

பூட்சைச் சுவரை ஒட்டி வைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒழுங்கான மனிதர்.

அவரை ஏன் திருப்பியனுப்பினேன்? தகட்டைத் துளைத்துக் குழாய் மறுபடியும் வெளியே நீண்டால், மறுபடியும் என் கொடிக்குமேல் நிற்கும். வாட்டம் சரியாக வைப்பார் என்பதற்கு என்ன உறுதி? ஒரு முறை தவறியவர். அத்துடன், அவள் சில நாள் குளிரில் இருந்து பார்க்கட்டும் என்றும் எண்ணினேன். பிறர் வீட்டு வெண்மையை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு பாடம் தேவை. இதுவரை நான் சொன்னதைக் கண்டிப்பு என்றுதான் சொல்ல முடியும். வேறு பெயர் வைக்க இன்னும் இடமில்லை.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் வந்தாள். வீட்டுக்குள்ளேயே கோட்டும் அதன்மேல் சால்வையுமாக இருந்தவள், அப்படியே இறங்கி வந்திருந்தாள். விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. கையில் ஒரு தட்டுக் கதாயிஃப்.

“கல்யாண வீட்ல நாலஞ்சு மிஞ்சிச்சு பெரியம்மா. உங்களுக்குன்னு எடுத்துவெச்சேன். மேஸ்திரி வந்தாரா? நான் வெளிய போன நேரம் பாத்து வந்திருப்பார், எனக்கு அந்த ராசிதான். வீடு கறிக்கடை ஐஸ்பெட்டி மாதிரி இருக்கு. பத்தவெக்கலாமா?”

நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் சற்றுத் தள்ளிவைக்கிறேன். வரிசையை மாற்றுவது எனக்கு வழக்கமில்லை. இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. விடிந்ததும் துவைத்துவிட்டுப் பால்கனிக்கு வந்தேன். காற்றே இல்லை. பலன்டோகென் மலை அருகில் வந்து நிற்பதுபோல் தெளிவாகத் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தபோது மேல்வீட்டுக் கண்ணாடி முழுவதும் உள்பக்கமாக ஆவி பிடித்து, தண்ணீர் கோடு கோடாக வழிந்து, அடியில் உறைந்திருந்தது. பாய்லர் எரியும் ஓசை கேட்டது. வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லை.

அந்தக் காட்சியின் பொருள் எனக்குப் புரிந்ததா என்று கேட்கிறீர்கள். புரிந்தது.

விரிப்புகளைத் தொங்கவிட்டேன். உறைகளையும் கைத்துண்டுகளையும் வரிசைப்படுத்திக் கிளிப் மாட்டினேன். முதன்முறையாக ஒரு முழுப் பகலும் அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தேன். அவ்வளவு வெண்மையை அந்தக் குளிர்காலத்தில் நான் பார்க்கவில்லை.

நண்பகல்வரை அவள் உயிரோடு இருந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் சொல்வதாக நீங்கள் இப்போது தெரிவிக்கிறீர்கள். அது எனக்குத் தெரியாது. துணிகள் மாலைவரை கொடியில் இருந்தன. அவற்றை எடுத்துவைத்த பிறகுதான் அவளுடைய தட்டு நினைவுக்கு வந்தது. உலர்ந்த ஏப்ரிகாட் பழங்களை அதில் நிரப்பிக்கொண்டு மேலே போனேன். மணியை அடித்தேன். மறுபடியும் அடித்தேன். பிறகு கீழே வந்து போலீசுக்குத் தொலைபேசியில் சொன்னேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால், நிர்வாகியான என்னிடமிருந்த மாற்றுச் சாவியால் திறக்க முடியவில்லை; கதவை உடைத்தார்கள். சமையலறையில், மேசையருகே தரையில் கிடந்தாள். கைகளில் கதாயிஃப் மாவு. கன்னங்கள் சிவந்திருந்ததால் முதலில் தூங்குகிறாள் என்றே அந்த இளம் போலீஸ்காரர் நினைத்தார். மேஸ்திரி வந்தாரா என்று என்னிடம் கேட்டார்கள். வரவில்லை என்றேன். கையிலிருந்த தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அடக்கத்தின்போது இமாம் வழக்கப்படி கூடியிருந்தவர்களைக் கேட்டார்: இறந்தவரை எப்படிப்பட்டவராக அறிந்தீர்கள்? நல்லவராக அறிந்தோம் என்றார்கள். அவர் உங்களுக்குப் பட்ட கடன், செய்த குறை எல்லாவற்றுக்கும் அவர்மீது உங்களுக்குள்ள உரிமைகளை விட்டுக்கொடுக்கிறீர்களா? விட்டுக்கொடுத்தோம் என்றார்கள். நான் பெண்களோடு பின்னால் நின்றேன். வாய் திறக்கவில்லை. மனத்தில் இல்லாததை வாயால் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

அதை வெய்சல் கவனித்திருக்க வேண்டும். துக்க வீட்டில் வழக்கப்படி கிண்டிய அல்வாவை எல்லாரும் தின்றுகொண்டிருந்தபோது என்னிடம் வந்து நின்றான். எல்லையில் வண்டியை விட்டுவிட்டு ஓடிவந்தவன். சவரம் செய்யாத முகம்.

“டீச்சரம்மா, நீங்க மனசு வெக்கணும். எங்க வீட்டு ஆள் உங்களுக்குக் கடமைப்பட்டவ. உங்க துணியெல்லாம் பாழாப்போச்சுன்னு ஃபோன்ல அழுவா. அவமேல உங்களுக்கு இருக்கிற உரிமையை விட்டுக்குடுத்துடுங்க. இல்லேன்னா அவளுக்கு அங்க நிம்மதி இருக்காது.”

நான் கரண்டியைத் தட்டில் வைத்தேன்.

“பாவம், திங்கக்கிழமை ஆனா குளிர்ல கெடப்பா” என்றான். “நீங்க துணி போடறதைப் பாத்ததும் பாய்லரை அணைச்சுடுவா. கோட்டை மாட்டிக்கிட்டு உக்காந்து கதாயிஃப் சுருட்டுவா. கை மரத்துப்போகுது, இழை அறுந்து அறுந்து போகுதும்பா. சாயங்காலம் உங்க பால்கனிக் கதவு சாத்துற சத்தம் கேட்டப்புறம்தான் பத்தவெப்பா. ‘ஏண்டி, சொல்லிட்டுச் செய்யேன்’னா, ‘பெரியம்மாவுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாங்க, வாயை மூடுங்க’ம்பா.”

பக்கத்தில் யாரோ என் தட்டில் இன்னும் கொஞ்சம் அல்வா வைத்தார்கள். வேண்டாமென்று சொல்ல மறந்துவிட்டேன்.

அவன் சொன்னதால் மனம் மாறி இங்கே வந்தேன் என்று நினைக்க வேண்டாம். அவள் என்னிடம் முறைப்படி தெரிவித்திருக்க வேண்டும். ஒரு நிர்வாகிக்குத் தெரியாமல் ஒருவர் நன்மை செய்துகொண்டிருந்தால், அதை அவர் எப்படிச் சரியாகப் புரிந்துகொள்வார்? பாதித் தவறு அந்த மௌனத்தில் இருக்கிறது. நான் வந்தது தாஹிர் மேஸ்திரிக்காக. வந்தவரை வரவில்லை என்று தண்டிப்பது பிழை. அப்பிழை என் பெயரால் நிற்கக் கூடாது. அவரை இன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். குளிர் இன்னும் விடவில்லை. ஊரில் அவருக்கு வேலை இருக்கும்.

தள்ளிவைத்த பதிலையும் சொல்லிவிடுகிறேன். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே, “பத்தவெக்கலாமா பெரியம்மா?” என்று கேட்டாள். நான் சொன்னேன்: “மேஸ்திரி வந்தார். சாவி என்கிட்ட இருக்கே, நான்தான் திறந்துவிட்டேன். எல்லாத்தையும் பாத்துட்டார். தகட்டைத் துளைக்க வேண்டாமாம், இந்தக் கண்ணாடி இடுக்குலயே புகை போயிடுமாம். தைரியமாப் பத்தவெச்சுக்கோ.” அவளுக்குச் சிறிது ஐயம் இருந்தது. “கண்ணாடிக்காரர் வேற மாதிரி சொன்னாரே” என்றாள். “நான் சொல்றேன், போ” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. “நீங்க சொன்னா அதுக்குமேல என்ன” என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். மேலே பாய்லர் ‘தப்’ என்று பற்றிய பிறகுதான் நான் கதவைச் சாத்தினேன்.

எந்த இடத்தில் கையெழுத்திட வேண்டும் என்று காட்டுங்கள். அதற்கு முன்னால் இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: வெய்சல் கேட்டபோது நான் தயங்காமல் தலையசைத்தேன். நெர்கிஸ்மீது எனக்கிருந்த உரிமைகள் அனைத்தையும், அந்தத் தலையணை உறை உட்பட, முழுமனத்துடன் விட்டுக்கொடுத்துவிட்டேன். அவளை நான் மன்னித்துவிட்டேன்.